வட்டம் விழாத தட்டு

கண்ணாடித் தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது, நடுநடுவே வெள்ளைப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டும் ஒரு மருந்து என்கிறார் டாக்டரம்மா, மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வெறும் வட்டம் விழுமாம், நான் தலையைத் தூக்கித் தூக்கித் தேடுகிறேன், எங்கேயும் வட்டமில்லை, ஒவ்வொரு பொட்டின் விளிம்புவரை அது வந்து நிற்கிறது, என் காலில் இருந்து எடுத்ததுதான் அது, களைக்கொத்து பட்ட கால், அந்தக் காயத்தோடு முதலில் இங்கே வந்தபோது பக்கத்துக் கட்டிலில் செண்பகவடிவு மதினி இருந்தாள், உறவொன்றுமில்லை, வார்டுக்கு வந்துவிட்டால் எல்லாரும் மதினிதான், முதுகுக் கட்டியை அறுத்துப் படுத்திருந்தவள் வலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டாள், வீட்டுக்குப் போகிறவர்கள் மிச்ச மாத்திரையைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம், பிளாஸ்கில் மிஞ்சிய வெந்நீரைக் கொடுப்பதுபோல, புண்ணு ஆறிட்டு, எனக்கு இனி எதுக்குட்டி, எங்க வீட்டுக் கோழிக்கே கேட்ட மருந்து இது என்று சொல்லி, முதுகுக் கட்டுத்துணியைச் சொறிந்த அதே விரலால் ஒரு கேப்சூலைப் பிய்த்து என் புண்மேல் தூவினாள், மஞ்சள் பொடி, குளுகுளுவென்று இருந்தது, இருக்கிறது.

புண் மூடியது, சந்தோஷமாக வயலுக்குப் போனேன், பிறகு மூடிய தோலுக்கு அடியில் அரிப்பு, அரிப்பு வீக்கமாகி மறுபடி இதே வார்டு, மதினியும் காய்ச்சலோடு திரும்பி வந்து அதே கட்டிலில் கிடந்தாள், பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை, ஒரு மத்தியானம் கண் திறந்தபடியே போய்ச் சேர்ந்தாள், விரிப்பை மாற்றிவிட்டார்கள், இருந்தும் மத்தியானமானால் அந்த விரிப்பு நடுவில் குழிகிறது, என் காலில் பொடி விழுகிறது, இது காய்ச்சலா நினைப்பா தெரியவில்லை, பயமாக இருக்கிறது. மதினிக்கும் இதே கிருமிதானா என்று கேட்டேன், டாக்டரம்மா தட்டை மூடினார், எல்லா மருந்தும் வச்சுப் பாத்தாச்சும்மா, ஒண்ணும் கேக்கல, காலை எடுத்தாத்தான் உயிர் நிக்கும் என்றார், சரி என்றேனா, என்றிருப்பேன், இதோ சிஸ்டர் கறுப்புப் பேனாவால் முழங்காலுக்குக் கீழே கோடு போடுகிறார், கோடு காலைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்கிறது, குழிந்த விரிப்பிலிருந்து மதினி எட்டிப் பார்க்கிறாள், வட்டம் விழுந்துட்டுல்லா, இனி ஆறிரும்ட்டி என்கிறாள், நானும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், வட்டம்தான், மை இன்னும் காயவில்லை, அதற்கு மேலே லேசாக அரிக்கிறது.