அட்டைப்படத்தில் பவுலின்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் இட்டுக்கட்டாதது ஒரே ஒரு பேச்சுதான். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, என் மடியில் கிடந்த மகளிர் வார இதழை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான்கூட ஒருவாட்டி அட்டையில வந்தங்க. ஆனா எம் மூஞ்சிதான் வரல."

"இன்னாங்க சொல்றீங்க?" என்று நான் நிமிர்ந்து உட்காருவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். எனக்குக் கை பரபரத்தது! அட்டையில் வந்தாராம், முகம் வரவில்லையாம். அதெப்படி? அன்றைக்கு நான் போன கல்யாணத்தில் மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்கு நினைவில்லை. பந்தியில் உட்கார்ந்து இதையேதான் மென்றுகொண்டிருந்தேன்.

ஆகவே பவுலின் என்ற பெயர், அவள் அப்பா, அவள் புருஷன், 'வாசமுல்லை' என்கிற பத்திரிகை, எல்லாம் என் கைச்சரக்கு. தப்பிருந்தால் என்னைத்தான் திட்ட வேண்டும்.

2

இந்தக் கதையைக் கேட்டிருப்பதும் ஒரு மகளிர் இதழ்தான். அதன் ஆசிரியை ராஜாம்பாள் போனில் சொன்னார்: "முதல் வரியிலயே வாசகியோட கையப் புடிச்சி உள்ள இழுத்துடணும். உன் கதை எங்க வருது தெரியுமா? எண்ணெய்க் கத்தரிக்காய்க்கும் முடி கொட்டுற பிரச்சினைக்கும் நடுவுல. ரெண்டையும் ஜெயிக்கணும்."

ஜெயித்துக் காட்டுகிறேன், பாருங்கள்.

'பனி மூடிய கல்வராயன் மலையில் பூத்த ஒற்றை ரோஜாவாய் பவுலின்…' சீ! அடித்துவிட்டேன்.

'வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். பவுலின் திடுக்கிட்டு…' யார் தட்டினார்கள் என்று எனக்கே தெரியாது. இதுவும் வேண்டாம்.

'ஆறு வருஷமாக ஓர் அப்பா தன் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.'

இது நிற்கிறது. கொக்கி போட்டு இழுக்கிற வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் மூன்றாம் பகுதிக்கு வந்துவிட்டீர்களே!

3

கதை நடப்பது 1994-ஆம் வருஷம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தைரியநாதனுக்கு ஒரு புத்தகக் கடை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் கைக்குழந்தையாக இருந்த பவுலினை அந்தக் கடைக்குள்ளேயே வைத்து வளர்த்தார். மற்ற பிள்ளைகள் மண்ணில் விளையாடினார்கள், இவள் வார இதழ்களின் கீழே தவழ்ந்தாள். தலைக்கு மேலே கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய அத்தனை பெண்களும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பத்து வயதில் அவளுக்குத் தெரியாதது இல்லை. அட்டையில் இருக்கிறவள் நம் கண்ணைப் பார்க்க வேண்டும், வானத்தைப் பார்த்தால் அடுத்த வியாழக்கிழமை வரை கயிற்றிலேயே தொங்குவாள். பத்திரிகையின் பெயர் சிவப்பில் இருந்தால் ஓடுகிற பஸ்ஸிலிருந்துகூடத் தெரியும். 'மாமியாரைச் சமாளிக்கப் பத்து வழிகள்' என்பதை நடுவில் போட மாட்டார்கள், புத்தகத்தைப் பிடிக்கும்போது கட்டை விரல் படுகிற ஓரத்தில்தான் போடுவார்கள். சமையல் இணைப்பு நட்ட நடுவில் இருக்கும், அதை உருவ வேண்டுமென்றால் விளம்பரம் அத்தனையும் புரட்டியாக வேண்டும். கோலத்துக்கு இந்த வாரம் புள்ளி, அடுத்த வாரம்தான் கோடு. தொடர்கதையில் கதாநாயகி மயங்கி விழுவாள், ஏன் விழுந்தாள் என்பது அடுத்த வியாழக்கிழமைக்குத்தான் தெரியும்.*

"எப்பிடிப்பா இதெல்லாம் கண்டுபுடிக்கறாங்க?" என்று கேட்பாள்.

"பொம்பளைங்க மனசப் படிச்சி வச்சிக்கினு உக்காந்துகினு இருக்கானுவ மெட்ராஸ்ல" என்பார் தைரியநாதன், பெருமையாக. அவரே கண்டுபிடித்த மாதிரி!

(*இந்தப் பத்தியைச் சரிபார்க்க ராஜாம்பாளின் இதழ்கள் இருபதைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. இதை நீங்கள் அச்சில் படித்தால், அவர் வெட்டவில்லை என்று பொருள். நல்ல மனுஷி.)

4

கரியாலூரில் மரவள்ளி போடுகிற சின்னதுரை, சந்தைக்கு வரும்போதெல்லாம் ஒரு 'வாசமுல்லை' வாங்கினான். ஆறு மாதம் வாங்கினான். ஒரு பக்கம் புரட்டியதில்லை. பையன் நல்ல வாடிக்கை என்று தைரியநாதனே ஒரு பிரதி எடுத்து வைத்து, "இந்தாப்பா, கேசரி இணைப்பு" என்று மகள் கையால் கொடுக்கச் சொன்னார். மனுஷன் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார்.

வெள்ளிமலை முருகன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வந்து நின்ற மகளிடம் அவர் கத்தவில்லை. "சர்ச்சுல மூணு ஞாயிறு ஓலை வாசிச்சி ஊருக்குச் சொல்லாம ஒரு கல்யாணமா? போ. இனிமே உன் மூஞ்சில முழிக்கமாட்டன்" என்றார்.

சொன்னால் சொன்னதுதான். அந்தப் பக்கம் அவள் வந்தால் ஷட்டரை இறக்குவார். கடுதாசி திரும்பி வந்தது. பேரன் பிறந்த சேதி சொல்லப் போன சின்னதுரையிடம், "இன்னா புஸ்தகம் வேணும்?" என்று கேட்டார்.

[இங்கே தைரியநாதனை வில்லனாக்கப் பார்த்தேன். 'அவர் மீசை துடித்தது, கண்கள் ரத்தமாய்…' துடிக்கவில்லை. எழுத எழுத அவர் குழந்தைக்குச் சாதம் பிசைகிற ஆளாகவே வந்து நிற்கிறார். வீம்பு பிடித்த மனுஷன், அவ்வளவுதான். அவரை அப்படியே விட்டுவிடுகிறேன்.]

5

இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது!

'வாசமுல்லை'யில் ஓர் அறிவிப்பு வந்தது. இனி நடிகைகள் வேண்டாம், ஒரு வாசகிதான் அட்டையில். புகைப்படம் அனுப்புங்கள்.

பவுலினுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றாரே அப்பா! அட்டையில் வந்தால்? கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாய் எடுத்து, கிளிப் போட்டு அவரேதானே தொங்கவிட வேண்டும்? ஒரு வாரம் முழுக்க எங்கே திரும்பினாலும் அவள்தானே? ஷட்டரை இறக்கினாலும் உள்ளே அவள் இருப்பாளே!

"ஏ, வுடும்மே. மெட்ராஸ்காரன் நம்பள எங்கப் போடப் போறான்" என்றான் சின்னதுரை.

"போடுவான். இன்னா கேப்பான்னு எனக்குத் தெரியும்."

தெரியும்தான். கச்சிராயபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த அரங்கநாதனை அவள் ஆட்டிவைத்தாள். தொட்டியில் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார், எடுக்கச் சொன்னாள். கன்னத்தில் கை வைக்கச் சொன்னார், மாட்டேன் என்றாள். மாம்பழ மஞ்சள் புடவை, ஏனென்றால் சிவப்பு எழுத்து அதன்மேல் துள்ளும். கண் நேராக.

"அண்ணே, இன்னும் கிட்ட வாங்க."

"இதுக்கு மேல வந்தா மூஞ்சி மட்டுந்தாம்மா வுழும்."

"அதான் வேணும். ஓரஞ்சாரம் எங்கயும் காலி இருக்கக் கூடாது. மூஞ்சி ரொம்பிக்கினு இருக்கணும்!"

படம் தேர்வாகிவிட்டது! மாசி மாதம் மூன்றாம் வாரம் என்று கடிதம் வந்தது. சின்னதுரை அதை டீக்கடையில் காட்டினான், ரேஷன் கடையில் காட்டினான், அருவி பார்க்க வந்த வெளியூர்க்காரர்களை நிறுத்திக் காட்டினான். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவள், "எனுக்கு ரெண்டு பொஸ்தகம்" என்று சொல்லிவைத்தாள்.

6

(எழுதியவரைக்கும் படித்துக் காட்டினேன். "ஐயோ, சீக்கிரம் சொல்லு, அப்பா பாத்தாரா?" என்றார் ராஜாம்பாள். ஆசிரியையே கேட்டுவிட்டார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பஸ்ஸில் கேட்ட பேச்சு இருக்கிறதே, அதை நான் ஏமாற்ற முடியாது. முகம் வரக் கூடாது.)

7

அந்த வியாழக்கிழமை முதல் பஸ்ஸிலேயே பவுலின் கள்ளக்குறிச்சியில் இறங்கினாள். குழந்தையைச் செல்லியம்மாளிடம் விட்டு வந்திருந்தாள். கடைக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், கரும்புச்சாறு வண்டியின் மறைவில் நின்றாள். ஆறு வருஷத்தில் அப்பாவுக்கு முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது, அதைப் பார்த்ததும் அழுகை வந்தது.

தைரியநாதன் கட்டைப் பிரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கயிற்றில் மாட்டினார். பன்னிரண்டு.

மாம்பழ மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. சிவப்பு எழுத்து துள்ளியது. அப்புறம்…

அப்புறம் என்ன எழுத! பன்னிரண்டு பவுலினின் முகத்திலும் பன்னிரண்டு ஷாம்பு பாக்கெட். 'இந்த இதழுடன் இலவசம்!' நெற்றியிலிருந்து உதடு வரைக்கும் கம் டேப் போட்டு இறுக்கி ஒட்டியிருந்தார்கள். ஒரு காதும் ஜிமிக்கியும் மட்டும் வெளியே தெரிந்தன.

அட்டையில் இலவசம் ஒட்டுவதற்கென்று ஒரு மூலையைக் காலியாக விடுவார்கள். பெண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்துத்தான் படம் போடுவார்கள். இது பவுலினுக்கு ஏழு வயதிலேயே தெரியும். காலியே இருக்கக் கூடாது என்று நின்றது யார்? அவளேதான். பாக்கெட்டுக்கு வேறு இடமில்லை. கரும்புச்சாறு வண்டியைப் பிடித்துக்கொண்டு பவுலின் சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வியாபாரம் பறந்தது. வாங்கின பெண்கள் நின்ற இடத்திலேயே பாக்கெட்டைப் பிய்த்தார்கள். டேப்போடு அட்டையும் உரிந்தது. ஒருத்தி கையில் கண்ணில்லாத பவுலின், இன்னொருத்தி கையில் வெறும் வெள்ளைக் குழி. மூன்றாம் பக்கத்தில் 'அட்டையில்: கரியாலூர் பவுலின்' என்று பொடி எழுத்தில் இருந்தது. சந்தைநாள் கூட்டத்தில் அதைத் தைரியநாதன் எங்கே பார்த்தார்? சில்லறை கொடுக்கவே அவருக்குக் கை போதவில்லை.

மதியம் தாண்டியது. கயிற்றில் ஒன்றே ஒன்று தொங்கியது.

8

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ) தைரியநாதன் கடைசிப் பிரதியைப் பிரிக்கிறார். பாக்கெட் பக்குவமாக உரிகிறது. மகள் சிரிக்கிறாள். "பவுலினு!" என்று கதறிக்கொண்டே மலை பஸ்ஸில் ஏறுகிறார். ராஜாம்பாளுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. முழுப் பக்க ஓவியம் போடலாம் என்கிறார்.

ஆ) கடைசிப் பிரதியையும் யாரோ வாங்கிப் போகிறார்கள். பவுலின் மௌனமாக மலையேறுகிறாள். இலக்கியப் பத்திரிகைக்காரர்கள் என் தோளைத் தட்டுவார்கள்.

இரண்டிலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டிலும் பவுலின் எதிர்ப்பக்கத்தில் விளக்குக் கம்பம் மாதிரி நின்றுகொண்டே இருக்கிறாளே! காலையிலிருந்து வெயிலில் நிற்கிறவளை நான் ஒரு வார்த்தை கேட்டேனா?

9

"வெள்ளிமலை, கரியாலூர்! வெள்ளிமலை, கரியாலூர்!"

பஸ் வந்து அவளுக்கும் கடைக்கும் நடுவே நின்றது. பவுலின் ஒரு காலைப் படியில் வைத்தாள். வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"ஏறும்மா, இத்த வுட்டா நாளைக்குத்தான்."

"நாளைக்கே போறன், போங்கண்ணே."

நான் எழுதவில்லை, சத்தியமாக. அவளே பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். இத்தனை நாள் காகிதத்தில் ஏற்றி அனுப்பப் பார்த்த முகம் கழுத்துக்கு மேலேதானே இருக்கிறது? அதில் யாரும் எதையும் ஒட்டவில்லையே? கடைக்கு முன்னால் போய் நின்றாள். தைரியநாதன் குனிந்து சணல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா வேணும்?"

"வாசமுல்லை." பின்னால் பஸ் உறுமியதில் குரல் பாதிதான் கேட்டது. காசை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

அவர் நிமிராமலே கையை மட்டும் உயர்த்திக் கிளிப்பைக் கழற்றினார்.

"கடேசிப் பொஸ்தகம். பாக்கெட்டப் பாத்துப் பிரிங்கம்மா, அட்டையோட வந்துடுது. காத்தாலேர்ந்து பாத்துக்கினு இருக்கன், அல்லாரும் பிச்சிப் பிச்சி எறியறாங்க. பாவம், யாரு பெத்த பொண்ணோ. ஒருத்தரும் மூஞ்சப் பாக்கல."

"நீங்க பெத்ததுதாம்ப்பா."

தைரியநாதன் நிமிர்கிறார்.

10

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். ராஜாம்பாள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். "அடுத்த வரி இன்னாடி? பக்கம் காத்துக்கினு இருக்கு!"

அடுத்த வரி ஏழு எழுதினேன், ஏழையும் கிழித்தேன். ஆறு வருஷம் வாய்க்குள் அடக்கி வைத்த பேச்சு அவருடையது, நான் யார் அதை எழுத? உங்களுக்கும் ஒருத்தர் இருப்பார், 'இனிமே மூஞ்சில முழிக்கமாட்டன்' என்று நீங்கள் சொல்லிவிட்டு வந்தவர். அந்த ஆள் இப்போது, இந்தப் பக்கத்தை நீங்கள் மூடுவதற்குள், உங்கள் முன்னால் வந்து நிற்கிறார் என்று வையுங்கள். உங்கள் வாயில் முதலில் என்ன வருகிறதோ, அதைத் தைரியநாதன் சொன்னதாக எழுதிக்கொள்ளுங்கள். கீழே நான்கு வரி காலியாக விடச் சொல்லியிருக்கிறேன், அதில் எதையும் ஒட்டக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.