நடுறோட்டில் நின்ற வீடு

டண்டினொங்கில், ஸ்டேஷனுக்குத் தெற்கே இருந்த மகேந்திரராஜாவின் வீடு, அவருடைய மகள் கமலினிக்கு வலிப்பு வரும்போதெல்லாம் ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தது. இதை முதலில் கவனித்தவர் தபால்காரர். வாசலில் நின்ற தபால்பெட்டி 1974 முடிவதற்குள் முன்கூடத்துக்குள் வந்துவிட்டது. அதன்பின் அவர் கதவைத் தட்டி, சப்பாத்தைத் துடைத்து, உள்ளே வந்து பெட்டியில் கடிதம் போட்டார். குழாய்காரர் மாதாமாதம் வந்து பின்பக்கம் ஒரு துண்டுக் குழாயை ஒட்டிவிட்டுப் போனார். அயலட்டை வெள்ளைக்காரர்கள் நல்லவர்கள்தான். வீடு நகர்வதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முறைப்பாடெல்லாம் நசுங்கிய ரோசாச் செடிகளைப் பற்றியது.

மகேந்திரராஜா நகரசபையில் எஞ்சினியர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் படித்து, இந்தக் கங்காரு நாடு கறுத்த தோலுக்கும் கதவைத் திறந்ததும் வந்து சேர்ந்தவர். றோட்டு வளைவுகளை வரைவது அவர் வேலை. ஏழு வயதுக் கமலினிக்கு நிபுணர்கள் மாறி மாறி மாத்திரை கொடுத்தார்கள். அவை பிள்ளையைத் தூங்கவைத்தன, வீட்டை நிறுத்தவில்லை. கடைசியில் கையை விரித்துவிட்டார்கள்.

வீடு விட்டுப்போன வெற்று மண்ணில், பின்வளவில், யாரும் விதைக்காமல் ஒரு செடி முளைத்தது. கமலினியின் தாய் ரஞ்சினி, ஊரில் நாட்டு வைத்தியம் பார்த்த ஒரு பரியாரியின் மகள். பார்த்தவுடனேயே அது கஞ்சா என்று தெரிந்துகொண்டாள். வலிப்புக்கு அவள் தகப்பன் காய்ச்சும் எண்ணெயில் அந்த இலையும் விழும். குசினியில் அதேபோலக் காய்ச்சி, தேனில் குழைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள். வலிப்பு நின்றது. வீடும் நின்றது. அந்தக் கோடை முழுவதும் கமலினி ஒரு தடவைகூட விழவில்லை. சைக்கிள் ஓடப் பழகினாள், பொய் சொல்லப் பழகினாள், தாயோடு வாய் காட்டினாள். ரஞ்சினி சந்தோசத்தில் அழுதாள்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மகேந்திரராஜா பிறந்ததிலிருந்து டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறி அறியாதவர். சட்டம் தடுத்த செடி ஒன்று தன் வளவில் நிற்பது அவரை அரித்தது.

“இது எங்கட நாடில்லை ரஞ்சினி. இஞ்ச முறையாக் கேட்டால் தருவினம்.”

“உங்கட காலைப் பிடிக்கிறன், ஒருத்தரிட்டயும் கேக்காதேங்கோ. பேசாமல் இருங்கோ.”

அவர் கோட்டு மாட்டி, டை கட்டி, ஓர் இலையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு நகரத்து அரசாங்கக் கந்தோருக்கு அனுமதி கேட்கப் போனார். கதிரை கொடுத்தார்கள், தேத்தண்ணீர் கொடுத்தார்கள், உங்களைப் போன்ற நேர்மையானவர்கள்தான் இந்த நாட்டுக்குத் தேவை என்று கை குலுக்கினார்கள். மறுநாள் காலை இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து செடியை வேரோடு பிடுங்கினார்கள். காலில் மிதிபட்ட கொத்தமல்லிக்காக மன்னிப்பும் கேட்டார்கள். தானாக வந்து சொன்னதால் வழக்குப் போடவில்லை. மனிதர் அதற்கு நன்றி சொன்னார்.

அந்த மண்ணில் பிறகு ஒன்றும் முளைக்கவில்லை. வீடு மறுபடி கிளம்பி, முன்வேலியை முறித்து, நடைபாதையைத் தாண்டி, குளிர்காலம் முடிவதற்குள் நடுறோட்டுக்கு வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாண் தின்றுகொண்டிருந்த கமலினி கதிரையிலிருந்து விழுந்தாள். எழும்பவில்லை. அதன்பின் வீடு அசையவே இல்லை.

கிரேன் கொண்டுவந்து இழுத்தார்கள், கம்பிதான் அறுந்தது. கடைசியில் நகரசபை, றோட்டையே வளைத்துவிடுவதென்று தீர்மானித்தது. வளைவு என்றால் மகேந்திரராஜாவின் மேசைக்குத்தான் வரும். அவர் அதைப் பிழையில்லாமல் வரைந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினார்.

“ஒரு வீட்டுக்காக றோட்டை வளைக்கினம்,” என்றாள் ரஞ்சினி. “என்ர பிள்ளைக்கு ஒரு செடியை விட்டுவைக்க ஏலாமப் போச்சு. நீங்கள்தானே கேக்கப் போனனீங்கள்.”

அவர் சாகும்வரை அவள் அவரோடு பேசிய கடைசி வார்த்தைகள் அவை. சோறு மட்டும் நேரத்துக்கு வைத்தாள்.

நாற்பது வருடங்களுக்குப் பிறகு சட்டம் மாறியது. அதே இலையின் எண்ணெய் சின்னப் போத்தலில், டாக்டரின் சீட்டுக்கு, மருந்துக்கடையில் கிடைக்கிறது. கடைக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. ஏன் இந்த இடத்தில் ஒரு வளைவு என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வரும் தாய்மார், பஸ் திரும்பும்போது அந்த வீட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்கிறார்கள். பிறகு நேராக உட்கார்ந்து, கைப்பைக்குள் சீட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.