பேர் கூவாத கருவாடு

இன்டர்நெட்டில் கருவாட்டுத் தொக்கு விற்கப்போகிறேன் என்று 2008-ல் நான் சொன்னபோது ராயபுரமே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு கடைக்கு வேண்டியதெல்லாம் என் தளத்தில் இருந்தது: படம், விலை, கடைசியில் தனியுரிமைக் கொள்கை. அதை ஓர் அமெரிக்கச் செருப்புக் கடையிலிருந்து அப்படியே எடுத்து, செருப்பு வந்த இடத்தில் கருவாடு போட்டேன். யார் எதை வாங்கினார் என்று எவரிடமும் வெளியிட மாட்டோம். தகராறு என்றால் கலிபோர்னியா நீதிமன்றம்.

டெலிவரிக்கு என் மாமனார் கஸ்பார். காசிமேட்டில் நாற்பது வருடம் மீன் ஏலம் விட்டவர். வாங்கியவர் பேரை ஊர் கேட்கக் கூவினால்தான் வியாபாரம் முடிந்தது, கூவாமல் கைமாறினால் அது திருட்டு மீன் என்பது அவர் கட்சி. இது தெரிந்தும் அவர் கையில் பார்சலைக் கொடுத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

முதல் ஆர்டர் தண்டையார்பேட்டை ரகுபதி. சைவக்காரர்களுக்கு மட்டுமே வாடகைக்கு விடும் பட்டம்மாள் வீட்டு மாடியில் இருப்பவர். 'மனைவி மசக்கையில் கேட்கிறாள். உங்கள் கொள்கையை நம்பி வாங்குகிறேன்' என்று எழுதியிருந்தார். மாமா அந்த வாசலில் ஆட்டோவை நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்தி, "ரகுபதி! நெத்திலித் தொக்கு, ரெண்டு பாட்டில்!" என்று கூவினார். தெருவே ஜன்னலைத் திறந்தது.

சற்று நேரத்தில் ரகுபதி போனில் அழாத குறை.

"நான் கேக்கவே இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன் மேடம். வீட்டுக்காரம்மா நம்பலை. காலி பண்ணச் சொல்றாங்க. இந்த நிலைமையில அவளைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்? கேஸ் போட கலிபோர்னியாவுக்கா?"

எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"வாக்கு குடுத்துட்டேன் மாமா. யாரு வாங்குனாங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"யாருக்குமேவா? இன்னாம்மா இது, திருட்டுப் பொருளா விக்கறே?" என்றார். புள்ளைத்தாய்ச்சிப் பெண் தெருவில் நிற்கப்போகிறாள் என்றதும், அந்தத் தெருவில் மொத்தம் எத்தனை வீடு என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

மறுநாள் காலை இருவரும் அதே தெருவுக்குப் போனோம். முனையிலிருந்து ஆரம்பித்து, வாசல் பலகைகளில் இருந்த பேரையெல்லாம் அவர் கூவினார். "எத்திராஜ்! சுறாத் தொக்கு, மூணு பாட்டில்! டாக்டர் ஜெயவேல்! வாளைத் தொக்கு! பட்டம்மாள்! இறால், பத்து பாட்டில்!"

பட்டம்மாள் பால் பாத்திரத்தோடு ஓடிவந்தார். "ஐயோ, நானா? இந்த ஆளுக்குக் கிறுக்கு! நேத்து பாவம் அந்த ரகுபதி மானத்தையும் இப்படித்தான் வாங்கியிருக்கான்!"

ரகுபதியின் வீடு தப்பியது. மாமாதான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சாயங்காலம் மாதா கோயிலுக்குக் கிளம்பினார், துணைக்கு நான்.

பாதிரியாரிடம் பாவத்தை ரகசியமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் நல்ல வரிசை. மண்டியிட்ட மாமா குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தார். ஏலக் குரல் எங்கே தாழும்?

"சாமி! நாப்பது வருசம் பேர மாத்திக் கூவுனதில்ல! இன்னிக்கு தெரு பூரா பொய்ப் பேரு கூவிட்டேன்! எம் மருமவ வாக்கு குடுத்துட்டா, அதுக்கோசரம்! வாங்குனது ரகுபதிதான் சாமி, பட்டம்மா வூட்டு மாடி!"

எனக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். எனக்கு அடுத்து நின்றது சிலுவையம்மாள். தண்டையார்பேட்டை முழுக்க மீன் கூடை தூக்குபவள். அவள் வாயில் விழுந்த செய்தி பொழுது விடிவதற்குள் எண்ணூர் போய்விடும்.

"அக்கா, அந்தப் பேரு..." என்று அவள் கையைப் பிடித்தேன்.

"எந்தப் பேரு?" என்றாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. "தொட்டியில சொல்றது காதுல வுந்தா அங்கியே வுட்டுட்டுப் போவணும். இதுகூடத் தெரியாம இன்னாடி கடை நடத்துறே?"

வரிசையே தலையாட்டியது. வீட்டுக்கு வந்ததும் கொள்கையிலிருந்து கலிபோர்னியாவை எடுத்தேன். டெலிவரிக்குச் சிலுவையம்மாளைப் போட்டேன்.