ராணி வேஷமும் ஜப்பான் கேசட்டும்

புந்தோங்கில் நான் வீடியோ கடை வைத்திருந்தேன். 1986இல் ஒருநாள் கோயில் கமிட்டிச் செயலாளர் ஐயாவு ஒரு கேசட்டைக் கொண்டுவந்து மேசையில் வீசினார். அவர் மகள் வாடகைக்கு எடுத்துப்போன ஜப்பான் கார்ட்டூன் காதல் கதை அது. அதில் ஒரு பையன் பாவாடை கட்டிக்கொண்டு திரிவான்; இன்னொரு பையன் அவனைப் பெண்ணென்று நம்பி உருகுவான்.

"ஆம்பள பொம்பள வேஷம் போடுறதெல்லாம் ஒரு கதையா, காளியம்மா? நம்ம புள்ளைங்க கெட்டுப்போயிரும்லா."

ஊர் ஒழுக்கத்தையே மொத்தக் குத்தகைக்கு எடுத்தவர்போல் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பதினஞ்சு வருசத்துக்கு முன்னால, எஸ்டேட் திருவிழா நாடகத்துல என் கல்யாணச் சேலையைக் கட்டிக்கிட்டு ராணியா ஆடுனது யாருண்ணே?"

"அது சாமி காரியம்."

"லூமுட்லேர்ந்து நாடகம் பாக்க வந்தவன் உங்கள நெசப் பொம்பளன்னு நம்பி வளையல் வாங்கிக் குடுத்தானே, அதுவும் சாமி காரியமா?"

அவர் வாசலைப் பார்த்தார்.

"உங்க கைக்குப் பத்தாத அந்த வளையலத்தான் உங்க பொண்டாட்டி வளைகாப்புக்குக் குடுத்தீங்க. அப்ப வயித்துல இருந்த புள்ளதான் இந்தக் கேசட்ட எடுத்துட்டுப் போச்சு."