அத்தான் போட்ட புரோகிராம்

"ஒரு வெப் பேஜ் பண்ண இவ்வளவு நாளாம்மா? இல்ல, வேலையே தெரியாதா?" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார் மேனேஜர்.

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. பக்கத்தை எழுதி முடித்து ஒரு வாரமாகிறது. அதை ஓட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. அவள் கணினியில் அந்தப் பக்கத்தை ஓட்டும் சர்வர் எழுந்திருக்கவே மறுத்தது. அது கேட்கும் போர்ட்டில், அதாவது அதற்கென்று ஒதுக்கிய எண்ணுள்ள வாசலில், ஏற்கெனவே வேறு ஏதோ ஓடுகிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். போர்ட் எண்ணை மாற்றினால் கம்பெனி லாகின் வேலை செய்யாது.

எதிரே அத்தான் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர். அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. இந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டவரும் அவரே. போன வாரம் முழுக்க அவரிடம்தான் மன்றாடியிருந்தாள்.

"அப்டேட் ஹெல்பர்னு ஏதோ ஒரு புரோகிராமாம், அதுதான் போர்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கு அத்தான். மூடினா மறுபடி வந்து நிக்குது."

"அது சிஸ்டம் சமாச்சாரம், தொடாத. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து இன்ஸ்டால் பண்ணு."

பண்ணினாள். மறுபடியும் பண்ணினாள். கண் எரிந்ததுதான் மிச்சம்.

கூட்டம் முடிந்ததும் நேராக இருக்கைக்கு வந்து, அந்த புரோகிராம் எங்கே குடியிருக்கிறது என்று தேடினாள். ஒரு ஃபோல்டர் திறந்தது. உள்ளே வரிசையாகப் படங்கள். எல்லாம் அவளுடைய திரைதான். அவள் எழுதிய கோட், அழித்த கோட். சாப்பாட்டு இடைவேளையில் ஸ்கேன் ரிப்போர்ட் பற்றி டாக்டருக்கு எழுதியது கூட எழுத்து எழுத்தாக வாசிக்கும்படி இருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அத்தான் அறைக்குள் நுழைந்தாள்.

"என்ன இது?"

அவர் எழுந்து கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க."

"மெதுவாப் பேசும்மா. மேலிடத்துல போடச் சொன்னாங்க, போட்டேன். எல்லார் மெஷின்லயும் இருக்கு. உனக்கு மட்டும் எப்படி விட முடியும்?"

"அதுதான் என் போர்ட்டை அடைச்சிட்டு நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் விசைப்பலகையைப் பார்த்தார்.

"தெரிஞ்சே என்னை நாயா அலைய விட்டீங்க. அந்த ஆள் வேலை தெரியாதான்னு கேக்கும்போது வாயில என்ன பூட்டா?"

"சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும். உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணிட்டேன்? உன் ஸ்கேன் விஷயத்தைக் கூட யார்கிட்டயும் வாய் திறக்கலையே."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"படிச்சீங்களா?"

"செக் பண்றப்போ கண்ணுல பட்டுது."

அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. ஹாலுக்கு வந்து, சுவரிலிருந்த பெரிய திரையோடு தன் லேப்டாப்பை இணைத்தாள். கோட் தெரிகிற படம் ஒன்றை மட்டும் திறந்து வைத்தாள்.

"எல்லாரும் உங்க மெஷின்ல இந்த ஃபோல்டரைத் தேடிப் பாருங்க. நம்ம ஸ்கிரீனைப் படம் பிடிச்சு வச்சிருக்காங்க."

தட்டும் சத்தம் நின்றது. நாற்காலிகள் நகர்ந்தன. மூலையில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். மேனேஜர் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு இதைப் போட்டே?"

"அதையேதான் சார் நாங்களும் கேக்கறோம்."

ஹாலே அவர் பக்கம் திரும்பியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் எல்லாக் கணினிகளிலிருந்தும் அது நீக்கப்பட்டது. 'சோதனைக்காக நிறுவப்பட்டது' என்று ஒரு மெயில். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அவளுடைய சர்வர் முதல் தட்டிலேயே எழுந்தது. பக்கம் அழகாகத் திறந்தது. அவளுக்குத் திரையை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

பஸ்ஸில் வரும்போது அக்கா கூப்பிட்டாள்.

"ஏண்டி, ஆபீஸ்ல அவரைப் பிடிச்சுக் கத்தினியாமே? உன்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட மனுஷன்டி."

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டருக்கு எழுதியதை அவர் படித்தது வரை.

"நீ லைன்லயே இரு," என்றாள் அக்கா. அந்தப் பக்கம் கால்கள் வேகமாக நடப்பது கேட்டது. "என்னங்க, இங்க வாங்க. எழுந்து வாங்கன்னா வாங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.