மேஸ்திரியின் சுத்தியல்

திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஷெட்டில் நான்கைந்து பேர் தாங்கள் வெல்டிங் பண்ணிய தகடுகளோடு காத்திருந்தார்கள். இருந்தது ஒரே ஒரு நிரந்தர வேலை. மேஸ்திரி தகட்டை வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கிச் சுத்தியலால் அடித்து வளைப்பார். வெல்டிங் ஒட்டு விரியாவிட்டால் பாஸ். தன் முத்திரையைத் தகட்டில் குத்திக் கொடுப்பார்.

மேஸ்திரி அருள்நாதன் காலையிலிருந்தே வரிசைப் பக்கம் திரும்பவில்லை. வரிசையில் அவர் மகன் இக்னேஷியசும் நின்றான்.

"சார், எம்புள்ளைய நானே பாக்கறது நல்லால்ல. வேற ஆள வெச்சிக்குங்க சார்," என்று இன்ஜினீயரிடம் கெஞ்சினார்.

"என் மச்சான்கூடத்தான் பரீட்சைக்கு வந்திருக்கான். நான் என்ன ஓடியா போயிட்டேன்? போய் அடிய்யா."

முதலில் கோதண்டத்தின் தகடு. விரிந்துவிட்டது. அவன் அதைக் காலால் எத்தினான்.

"அடுத்து உன் புள்ளதான மேஸ்திரி? பாத்து, பூ மாரி தட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அருள்நாதனைக் கெடுத்தது.

இக்னேஷியசின் தகடு லாடமாக வளைந்தது, மயிரிழைகூட விரிசலில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். பாவி மனுஷர் விடவில்லை. தகட்டைத் திருப்பி மாட்டி எதிர்ப்பக்கம் அடித்தார். மறுபடி திருப்பினார்.

"நைனா, வளைஞ்சிட்ச்சு! போதும் நைனா!"

"இங்க நைனாவும் கிடையாது, புள்ளையும் கிடையாது. தள்றா!"

இக்னேஷியஸ் சுத்தியலைப் பிடித்தான். அவர் முஷ்டியால் குத்தியதில் உதடு கிழிந்து, அவன் இரும்புத் தூளில் விழுந்தான். அவர் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தகடு முறிந்தது. முறிந்தது ஒட்டில் அல்ல, பக்கத்து இரும்பில்.

கோதண்டமே ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தான். "யோவ், பைத்தியமா உனுக்கு? ஒட்டு அப்டியே கீதுய்யா! எனுக்கு இப்டியா அடிச்ச?"

"உடைஞ்சா ஃபெயில்தான்," என்றார் இன்ஜினீயர்.

கோதண்டம் இன்ஜினீயர்மேல் பாய்ந்தான். வாட்ச்மேன்கள் அவனைத் தடியால் அடித்து வெளியே இழுத்துப் போனார்கள்.

இன்ஜினீயர் காலரைச் சரிசெய்துகொண்டு, அடுத்த தகட்டை வைஸில் மாட்டிவிட்டு, மேஸ்திரியிடமிருந்து சுத்தியலை வாங்கினார். "இது என் மச்சானோடது. நானே பாத்துக்கறேன்."

இரண்டு தட்டு. தகடு லேசாகத் தலைசாய்த்தது.

"பாஸ். மேஸ்திரி, முத்திரையக் குத்துங்க."

அருள்நாதன் முத்திரை உளியை எடுத்தார். அவருடைய விரல் முட்டிகளில் மகனின் ரத்தம் இன்னும் காயவில்லை. கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். இக்னேஷியஸ் தரையில் உட்கார்ந்தபடியே, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தான்.

ஒரே அடி. முத்திரை சுத்தமாக விழுந்தது.