பாஞ்சாலியின் டில்லிச் சீட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் கோதண்டபாணி நான்தான். 'நான்' என்று போட்டு எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே எனக்கு மார்பு நிமிர்ந்து, குரல் கனத்து, வீரதீரப் பிரதாபமெல்லாம் வந்துவிட்டது. 'அவர்' என்று எழுதினால் அவ்வளவு தூரம் பொய் வராது. ஆகவே கோதண்டபாணியைத் தெருவில் நிறுத்திவிட்டு, நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கதை பிறந்தது இன்று மத்தியானம் ஆபீசில் கைக்கு வந்த ஓர் உத்தரவுக் காகிதத்தால். இது 1967 பிப்ரவரி மாதம். விழுப்புரத்தில் அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, நாளை மறுநாள் ஓட்டுக்கு வரிசை. கோதண்டபாணிக்கு எந்த ஓட்டுச் சாவடியில் வேலை என்று அந்தக் காகிதத்தில் இருந்தது. ஊர்ப் பெயரைப் படித்ததும் அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் ஒளித்துவிட்டார். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

என் மனைவி செண்பகம் பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிறாள். எழுத எழுதப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அவள் சொல்வதையெல்லாம் உடுக்குறி (*) போட்டுச் சேர்த்திருக்கிறேன். சேர்க்காவிட்டால் ராத்திரி சாப்பாடு சந்தேகம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பத்து ஆண்டுகளுக்கு முன், மாசி வெயில் சுட்டெரிக்கும் ஒரு காலை வேளையில், நேர்மையும் கடமையுணர்ச்சியும் மிக்க ஓர் இளம் அதிகாரி மயிலம் சாலையில்..."

* செண்பகம்: "யாருங்க அது? நம்ம வூட்டுக்கு எப்பனா வந்திருக்காரா?"

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: "இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் தொடக்கத்தில் பாரத நாட்டின் பொருளாதாரமானது..." ஆனது, என்ன ஆனது? எனக்கு எங்கே தெரியும்? என் வீட்டு எண்ணெய்ப் புட்டி மாதம் முடிவதற்குள் காலியாகும், அவ்வளவுதான் தெரியும். இதையும் விட்டுவிட்டேன். திட்டத்தைப் போட்டவர்கள் யாராவது இந்த வாக்கியத்தை முடித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, சாதாரணமாக: 1957. மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போடுகிறார்கள். இது இருக்கட்டும்.

3

அந்தக் காலத்து ஓட்டு இப்போது மாதிரி இல்லை. இப்போது ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சடித்திருக்கிறது. பிடித்ததன் மேல் முத்திரை குத்திப் பெட்டியில் போடுகிறோம். அப்போது வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. பெட்டி மேல் அவர் சின்னம் ஒட்டியிருக்கும். கையில் கொடுக்கும் சீட்டில் குத்தவும் வேண்டாம், கிறுக்கவும் வேண்டாம். மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்தவர் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் சரி. மெட்ராஸ் சட்டசபைக்கு ஒரு சீட்டு, டில்லி பார்லிமெண்டுக்கு ஒரு சீட்டு, இரண்டுக்கும் தனித்தனி மறைப்பு. (சின்னங்கள் என்னென்ன என்று சொல்ல மாட்டேன். கட்சிக்காரர்கள் வீட்டைத் தேடி வந்துவிடுவார்கள்.)

கோதண்டபாணி அந்தச் சாவடிக்குத் தலைமை அதிகாரி. வயது முப்பத்தாறு, சர்க்கார் குமாஸ்தா. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போலீஸ்காரர் அவருக்கு சல்யூட் வைத்திருந்தார். சவுரிராயன் என்ற அந்தப் போலீஸ்காரரை, சல்யூட்டை இன்னொரு தரம் பார்க்கலாமே என்று, கோதண்டபாணி இரண்டு முறை வெளியே அனுப்பி உள்ளே கூப்பிட்டார்.

பதினொரு மணிக்குப் பாஞ்சாலி வந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். புருஷன் முருகையனோடு இரண்டு காணி நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவள். மெட்ராஸ் சீட்டைப் பெட்டியில் போட்டாள். டில்லி மறைப்புக்குப் பின்னால் போனாள். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு சீட்டைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தாள்.

"போடலியாம்மா?" என்றார் கோதண்டபாணி.

"இல்லீங்க. இத நான் எடுத்துக்கினு போறேன். அவரு வந்து பதில் சொல்லட்டும், போடறேன்."

"எவரு?"

"டில்லிக்காரருதான்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோதண்டபாணி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சீட்டு வெளியே போகக்கூடாது, போனால் குற்றம். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்கலாம், ரத்து செய்துவிடலாம். இதை அவர் விளக்கினார்.

"திருப்பிக் குடுத்துட்டா நான் ஒண்ணுமே கேக்காத மாதிரி ஆயிடுமே? வெளிய எடுத்துக்கினு போவக்கூடாதுன்னா நான் இங்கியே உக்காந்துக்கறேன்" என்று சொல்லி, முதல் வகுப்புப் பிள்ளைகளின் பலகையில் அவள் உட்கார்ந்துகொண்டாள்.

4

என்ன கேள்வி, யார் அந்த டில்லிக்காரர் என்பதைப் பாஞ்சாலியே சொன்னாள். சாவடி முழுக்கக் காது கொடுத்தது.

மூன்று வாரத்துக்கு முன் டில்லியிலிருந்து ஒரு பெரிய தலைவர் திண்டிவனம் வழியாகக் காரில் வந்தார். மக்கள் குறைகளை நேரில் கேட்பார் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். பாஞ்சாலி விடிகாலையிலேயே கிளம்பி, ஒரு கூடை மல்லாட்டையைத் தலையில் வைத்து நடந்தே திண்டிவனம் போனாள். சரக்கைக் காட்டி விலையைக் கேட்க வேண்டும் என்பது அவள் எண்ணம். ரோட்டோரம் நாலு மணி நேரம் நின்றாள். கார் வந்தது, நின்றது. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய்க் கூடையை நீட்டினாள்.

"வாங்கிக்கினாருங்க" என்றாள். "ஒண்ண ஒடச்சி வாயில போட்டாரு. பின்னால உக்காந்திருந்தவங்களுக்கும் குடுத்தாரு. ஏதோ சொன்னாரு. பக்கத்துல நின்னவரு, ஐயா ரொம்ப ருசியா இருக்குதுன்றாரும்மா அப்படின்னாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வண்டி போயிடிச்சி. கூடையும் போயிடிச்சி!"

சாவடியே குலுங்கிச் சிரித்தது. வழக்குக்குக் கொண்டுபோன சாட்சியை நீதிபதி தின்றுவிட்டுப் போனால் சிரிக்காமல் என்ன செய்வது? சவுரிராயன் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பாஞ்சாலியும் சிரித்தாள், பிறகு நிறுத்திவிட்டாள்.

"கேள்வி இதாங்க. நாங்க மண்டிக்கி எடுத்துக்கினு போறப்ப மல்லாட்ட வெல எறங்கிப்பூடுது. அதே மல்லாட்ட எண்ணெயா திரும்பி வர்றப்ப ஏறிப்பூடுது. வருசா வருசம் இப்பிடியே. நடுவால இன்னா நடக்குது? நாட்டையே கட்டி ஆள்றவருக்குத் தெரியாமயா இருக்கும்? அதக் கேக்கத்தான் போனேன்."

கோதண்டபாணிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று காலை செண்பகம் எண்ணெய் இல்லாமல் தோசை வார்த்து, அது கல்லை விட்டு வராமல், கடைசியில் கிண்டிக் கொடுத்திருந்தாள்.

* செண்பகம்: "அது உப்புமாங்க. தோசை இல்ல."

5

இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம். பாஞ்சாலியை நீங்கள் நம்புவீர்களா? கிராமத்துப் பெண் இப்படி எடுத்தெறிந்து பேசுவாளா என்று பட்டணத்து வாசகர் புருவத்தைத் தூக்கலாம். உங்களுக்காக ஒரு பாஞ்சாலியை அழ வைத்துப் பார்த்தேன். புடவையைக் கிழித்தேன், இடுப்பில் நோஞ்சான் குழந்தை ஒன்றைக் கூட வைத்தேன். "ஐயா, எங்களைக் காப்பாற்ற யாருமே..." என்று அவள் ஆரம்பித்ததும் எனக்கே சகிக்கவில்லை. நிஜப் பாஞ்சாலி மூக்குத்தி போட்டிருந்தாள். வாயில் வெற்றிலை. அவள் யாரிடமும் காப்பாற்றச் சொல்லவில்லை, ஒரு விளக்கம் கேட்டாள். அவளை அவள் இருந்தபடியே விடுகிறேன்.

6

அவளுக்குப் பின்னால் வந்த கோவிந்தம்மாளும் டில்லிச் சீட்டைப் போடாமல் வெளியே வந்து பலகையில் உட்கார்ந்தாள். அடுத்து பொன்னி. அப்புறம் அம்சா. மூன்று மணிக்குப் பன்னிரண்டு பெண்கள் முதல் வகுப்பில் வரிசையாக, ஆளுக்கொரு சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மரத்தடியில் நின்றிருந்த கட்சிக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். எந்தக் கட்சிக்கு நஷ்டம் என்று தெரியாததால் யாருக்கும் கோபப்படக்கூட வழியில்லை.

"ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயிடட்டுங்களா?" என்று கேட்டார் சவுரிராயன்.

"எதுக்கு? உக்காந்ததுக்கா?" என்றார் கோதண்டபாணி. சாவடியை ஐந்து மணிக்கு மூட வேண்டும். பன்னிரண்டு சீட்டு பெட்டிக்கும் போகாமல் ரத்தும் ஆகாமல் நின்றால், மேலேயிருந்து மெமோ வரும். பேஜாரான விவகாரம்.

பாஞ்சாலி மேஜையைப் பார்த்தபடி இருந்தாள். "நீங்க எழுதிக்கினே இருக்கறீங்களே, அது இன்னாங்க?"

"டைரிம்மா. சாவடியில என்னென்ன நடந்ததுன்னு நான் எழுதி அனுப்பணும்."

"யாருக்கு?"

"மேலதிகாரிக்கு. அவரு அவருக்கு மேல அனுப்புவாரு."

"அவருக்கு மேல?"

"அப்படியே போகும்."

"டில்லி வரைக்கும் போவுமா?"

போகும் என்று நிச்சயமாகச் சொல்ல அவருக்குத் தெரியாது. போகாது என்றும் தெரியாது. "போகலாம்" என்றார்.

"அப்ப என் கேள்விய அதுல எழுதுங்க. எழுதறேன்னு சொல்லுங்க, நாங்க எல்லாரும் இப்பவே போட்டுடறோம்."

7

இங்கிருந்து கதை மூன்று வழியாகப் போகிறது.

முதல் வழி: கோதண்டபாணி எழுதுகிறார். டைரி டில்லி போகிறது. தலைவர் படித்துக் கண் கலங்கி, அடுத்த ரயிலில் திண்டிவனம் வந்து, கூடையைத் திருப்பிக் கொடுக்கிறார். (சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.)

இரண்டாம் வழி: கோதண்டபாணி எழுதி அனுப்பினார், டில்லி பதில் போடவில்லை. இதுதான் பத்து வருஷமாக நான் சொல்லிவரும் கதை. விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். "பாருங்க, ஒரு பொம்பளை கேட்ட கேள்விக்கு ஒரு வரி பதில் போட யோக்கியதை இல்ல! ஓட்டு வாங்குற வரைக்கும் வாய் கிழியப் பேசறது, வாங்கினதும் கம்பி நீட்டிடறது" என்று நான் சொல்ல, எல்லோரும் தலையாட்டுவார்கள். போன வருஷம் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள் அல்லவா? அப்போது இந்தக் கதைக்கு ஏகக் கிராக்கி.

மூன்றாம் வழி, நடந்தது.

"எழுதறேம்மா, சத்தியமா எழுதறேன்" என்றார் கோதண்டபாணி.

பாஞ்சாலி அவர் முகத்தைப் பார்த்தாள். "படிச்சவரு சொல்றீங்க" என்றாள். எழுந்து மறைப்புக்குப் பின்னால் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பன்னிரண்டு சீட்டும் பெட்டிகளுக்குள் போயின. போகும்போது பாஞ்சாலி அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஐந்தரை மணிக்குப் பெட்டிகளுக்கு அரக்கு வைத்தாயிற்று. கோதண்டபாணி டைரியை எடுத்தார். 'குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகள்' என்று ஒரு கட்டம். பேனாவைத் திறந்தார். மேலதிகாரி இதைப் படிப்பதை நினைத்துப் பார்த்தார். என்ன ஐயா மல்லாட்டைக் கதை, சாவடியில் பொதுக்கூட்டமா நடத்தினீர், பன்னிரண்டு பேரை உட்கார விட்டது யார்? விசாரணை, மெமோ, அதற்கு விளக்கம். சவுரிராயன் வாசலில், "சார், லாரி வந்திடிச்சி, ஜல்தி" என்றார்.

கோதண்டபாணி அந்தக் கட்டத்தில், 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாக்குறுதி கொடுத்து ஒரு பெண்ணிடம் ஓட்டை வாங்கிவிட்டு, வாங்கியதும் அவளை மறந்த ஆள் டில்லியில் இல்லை, இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். டில்லி மேல் எத்தனை குற்றம் இருந்தாலும் பாஞ்சாலிக்குப் பதில் போடாத குற்றம் மட்டும் கிடையாது. கேள்வி போகவே இல்லையே. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

* செண்பகம் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "எங்கிட்டயும் எழுதுனேன்னுதானே சொன்னீங்க" என்றாள்.

8

இன்று வந்த காகிதத்தில் இருப்பது அதே ஊர், அதே பள்ளிக்கூடம். வாக்காளர் பட்டியலையும் பார்த்துவிட்டேன். வரிசை எண் 318. பாஞ்சாலி, கணவர் முருகையன், வயது ஐம்பத்தொன்று.

வருவாள். வந்தால் கேட்பாள். இந்தப் பத்து வருஷத்தில் எண்ணெய் விலை இறங்கியிருந்தால் மறந்திருக்கலாம், அதற்கு வழியில்லை.

முடிவு எழுத வேண்டும். கோதண்டபாணி, "எழுதினேம்மா, அவங்கதான் பதில் போடல" என்று சொல்லலாம். இந்த வருஷம் டில்லியைப் பற்றி என்ன சொன்னாலும் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் நம்புவார்கள். அவளும் நம்புவாள். உண்மையைச் சொல்லலாம், ஊரே பார்க்கும். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிடலாம் என்றும் ஒரு வாக்கியம் எழுதினேன். செண்பகம் பேனாவைப் பிடுங்கி அவளே அடித்தாள்.

* செண்பகம்: "சொல்றதுன்னா அந்தம்மா ஓட்டு போட்டுட்டு வந்தப்புறம் சொல்லாதீங்க. சீட்ட கையில குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க."

ஆகவே இதுவரை எழுதியிருக்கிறேன்: காலை எட்டு மணி. வரிசை நகர்கிறது. பாஞ்சாலி மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறாள். தலை நரைத்திருக்கிறது. கோதண்டபாணியை ஏற இறங்கப் பார்க்கிறாள். "நீங்கதானே அவரு? எழுதுனீங்களா?" என்று கேட்கிறாள். சீட்டு இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.

மீதியை நீங்கள் எழுதுங்கள். என்னிடம் விட்டால் இந்தக் கட்டத்திலும், 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் போட்டுவிடுவேன்.